முதலில் அழைத்தவருக்கே

சமையலறைச் சுவரில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. லியோனா ஹுடாக் அதற்கு எதிரே, பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கும் கத்தியுமாக நின்றுகொண்டிருந்தாள். எடுக்கவில்லை. கூடத்துத் தொலைக்காட்சியில் ஓடிய அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் டேவியான் ப்ரூஸார் என்கிற இருபத்து மூன்று வயது ஆட்டக்காரன் புல்தரையில் மல்லாந்து கிடந்தான். பந்தை விலாவோடு அணைத்தபடி குனிந்து ஓடிவந்தவனை இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்தும் வந்து மோதியிருந்தார்கள். தலைக்கவசத்தோடு தலைக்கவசம் இடித்த சத்தம், காய்ந்த விறகைப் பிளந்ததுபோல, சமையலறை வரைக்கும் கேட்டது. விழுந்தவனுடைய வலது கை மட்டும் கீழே இறங்காமல், முழங்கை மடங்கி, விரல்கள் விறைத்து, அந்தரத்திலேயே நின்றது. ஒரு கை எப்போது அப்படி நிற்கும் என்று லியோனாவுக்குத் தெரியும். நாற்பது வருடத்துக்கு முன்னால், ஆட்டக்காரனாக இருந்த தன் கணவன் எமிலின் கை அதேபோல நின்றதை அவள் அரங்கத்தின் பதினாறாவது வரிசையிலிருந்து பார்த்திருக்கிறாள்.

இருந்தும், ப்ரூஸார் விழுந்த கணத்தில் அவள் மனதில் முதலில் வந்தது எமிலின் கை இல்லை. ‘போச்சு, இந்த வாரம் போச்சு’ என்பதுதான் வந்தது. ப்ரூஸார் அவளுடைய ஆள். அவன் இன்னும் இருபது கெஜம் ஓடியிருந்தால் அந்த வாரம் அவள் ஜெயித்திருப்பாள். அந்த நினைப்பு வந்து, அதற்குப் பிறகுதான் கை கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு தொலைபேசி அடித்தது. மருத்துவர்கள் எல்லைக் கோட்டைத் தாண்டி இன்னும் அவன் பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கவில்லை.

போர்ட் ஆஷ்லியில் எட்டுப் பேர் சேர்ந்து முப்பத்தோரு வருடமாக நடத்திவரும் விளையாட்டு இது. ஆகஸ்டு கடைசியில் எட்டுப் பேரும் கூடி, நாடு முழுக்க உள்ள தொழில்முறை ஆட்டக்காரர்களிலிருந்து ஆளுக்குப் பதினைந்து பேரைப் பொறுக்கி, தாளில் ஓர் அணி கட்டிக்கொள்வார்கள். உன் ஆள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஓடினால் உனக்குப் புள்ளி. அவன் படுத்துவிட்டால் பூஜ்யம். படுத்தவனுக்குப் பதிலாக அவனுடைய அணி எவனை இறக்குகிறதோ, நேற்றுவரை ஏறெடுத்தும் பார்க்கப்படாத அந்த மாற்று ஆளுக்குத் திடீரென்று மவுசு வந்துவிடும். அவன் யாருக்கு? எமில் முதல் வருடமே விதி எழுதிவிட்டான்: முதலில் அழைத்தவருக்கே. அழைக்க வேண்டியது எமில் வீட்டுச் சமையலறைத் தொலைபேசிக்கு. அவன் முதல் மணியிலேயே எழுந்து போய் எடுப்பான். ஆணியில் தொங்கும் நோட்டில், நூலில் தொங்கும் பென்சிலால், தேதி, நேரம், அழைத்தவர், விழுந்தவன், மாற்று ஆள் என்று வரிசையாக எழுதுவான். இதையெல்லாம் இணையத்திலேயே செய்துகொள்ளலாம் என்று மற்றவர்கள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்கள். “பேரை வாயால சொல்லிக் கேக்கணும்டா. பொத்தான அமுக்கறதுல என்ன வீரம்?” என்பான் எமில்.

போன டிசம்பரில் எமில் இறந்தான். இந்த ஆகஸ்டில் மற்ற ஏழு பேரும் வந்து, நோட்டு அதே ஆணியில்தான் இருக்க வேண்டும், எமிலின் இடத்தில் லியோனாதான் ஆட வேண்டும் என்றார்கள். அவள் ஒப்புக்கொண்டாள். அவளுக்கும் ஆட்டம் பிடிக்கும். இன்னொன்றும் உண்டு. எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது மணி அடிக்குமே என்று நினைத்தாள்.

அடித்தது. இப்போது பதினோரு தடவை அடித்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் அடித்தது. திரையில் ப்ரூஸாரின் தோழர்கள் அவனைச் சுற்றி மண்டியிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, ஒரு வேலிபோல நின்றார்கள். தலைக்கவசத்தைக் கழற்றாமல் முகத்துக் கம்பியை மட்டும் அறுத்து எடுத்தார்கள். வண்டி வந்தது. பலகையில் ஏற்றிக் கட்டினார்கள். அவனை ஏற்றிய வண்டி அரங்கத்தின் சுரங்கப் பாதைக்குள் மறையும்வரை லியோனா வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. அவள் கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் வழக்கம்போல பௌலிங் கூடத்துச் சாப்பாட்டு மேசையில் கூடினார்கள். எட்டுப் பேரில் வேலைநாளில் வரமுடிந்தவர்கள் நாலு பேர்தான். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் வின்ஸ் டார்க்வினியோ. அவனுக்குச் செவ்வாய் விடுமுறை. எமிலின் சித்தி மகன் ரூடி பாவ்லிக்; கப்பல்துறையில் ஓய்வு பெற்றவன், பேச்சு குறைவு. ஊர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் கோனி யோஸ்ட். நாற்பது வயது, நால்வரில் இளையவள். அப்புறம் லியோனா. வெளியே ஏரிப் பக்கமிருந்து பனி கிடைமட்டமாக அடித்துக்கொண்டிருந்தது. லியோனா நோட்டைப் பனி படாமல் மேலங்கிக்குள் வைத்து எடுத்துவந்திருந்தாள். அவள் உள்ளே நுழையும்போதே வின்ஸின் குரல் பந்து உருளும் சத்தத்தை மீறிக் கேட்டது.

“குதிரைக்குக்கூட ஓய்வு குடுப்பானுங்கடா! ஞாயித்துக்கிழமை ஆடினவன வியாழக்கிழமை மறுபடி இறக்குறானுங்க. நாலே நாள்! அப்புறம் அன்னிக்கு விழுந்தானே ஹாலோவே, அவன் முட்டி ஏன் போச்சுன்னு கேட்டா? போகாம என்ன பண்ணும்? இரும்பா அது?”

“முட்டி இல்ல, கணுக்கால்” என்றான் ரூடி.

“முட்டிடா. நான் ஆறு தடவ மெதுவா ஓட்டிப் பாத்தேன். உள்பக்கமா மடங்குது. தசைநார் அறுந்திருச்சு. இந்த வருஷம் அவ்வளவுதான், அடுத்த ஆகஸ்டுல வந்தா பெரிசு.”

“டாக்டர் சொல்லிட்டாரு, எல்லாரும் எழுதிக்கங்க” என்றாள் கோனி. “வின்ஸ், நான் நாள் முழுக்க முட்டியத்தான் படம் எடுக்குறேன். நானே வாயத் தெறக்கல. நீங்க முடிவெட்டுறவரு.”

“முப்பத்தெட்டு வருஷமா மண்டையப் பாக்குறேன்மா நானு. எனக்குத் தெரியாத மண்டையா?”

“மண்டைதான். உள்ள இருக்கறது இல்ல.”

மேசைக்குக் கோழி இறக்கைத் தட்டைக் கொண்டுவந்து வைத்த இர்மா, “செவ்வாக்கிழம வந்தா போதும், இந்த மேசையில நாலு பேருமே ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சுருவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். லியோனாவுக்குக் காப்பியை அவள் கேட்காமலே ஊற்றினாள்.

பேச்சு வாரம் முழுவதையும் சுற்றி வந்தது. நடுவர்கள் திருடர்கள் என்று ஒருமனதாக முடிவானது. தாங்கள் ஆதரிக்கும் அணியின் பயிற்சியாளருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது என்பதும் அப்படியே. பிறகு திங்கட்கிழமை ஆட்டத்தில் அடிபட்டுத் தள்ளாடி, எதிரணியின் வரிசையில் போய் நின்ற ஒருவனை இரண்டே நிமிடத்தில் திருப்பி இறக்கியதைப் பற்றி வந்தது. வின்ஸ் மேசையைக் குத்தினான். கண்ணாடிக் குவளைகள் குதித்தன.

“எந்தப் பக்கம் தன் பக்கம்னே தெரியலடா அவனுக்கு! கண்ணு சொருகிருச்சு. மூக்குல என்னத்தையோ காட்டி, முதுகுல தட்டி, போடா ராசான்னு அனுப்புறானுங்க. மனுசனுங்களா இவனுங்க? எமிலுக்கும் இதத்தானே பண்ணினானுங்க? அன்னிக்கே உக்கார வெச்சிருந்தா அந்த மண்டை அப்படிப் போயிருக்குமா? சொல்லு லியோனா. கடைசி ரெண்டு வருஷம் காரு சாவிய ஐஸ் பெட்டியில வெச்சுட்டுத் தேடுவானே!”

அவன் கண்களில் நிஜமாகவே நீர் கட்டியிருந்தது. லியோனா அதைப் பார்த்தாள். வின்ஸ் நடிக்கிறவன் இல்லை. எமிலின் சவப்பெட்டியை முன்பக்கம் தூக்கியவன் அவன். கடைசி வருடங்களில் எமிலுக்கு வீட்டுக்கே வந்து வாரம் தவறாமல் முடிவெட்டி, கழுத்தில் ஒட்டிய முடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டவன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். வின்ஸ் ஓர் இறக்கையை எடுத்து எலும்பு வரைக்கும் கடித்தான். விரலைச் சப்பினான். பிறகு அதே மூச்சில் சொன்னான்:

“சரி. பெட்டிஃபோர்டு எனக்கு. நோட்டுல ஏத்திரு.”

பெட்டிஃபோர்டு என்பவன் ப்ரூஸாருக்குப் பதிலாக இனிமேல் ஓடப்போகிற மாற்று ஆள்.

“உனக்கா? நான்தான் முதல்ல அடிச்சேன்” என்றான் ரூடி.

“நீ எப்படா அடிச்ச? அவன் விழுந்து தரையத் தொடல, நான் எண்ணச் சுத்திட்டேன்!”

“எனக்கு லைனு போகல. அப்ப நீ அடிச்சுக்கிட்டு இருந்திருப்ப. ஆனா எடுக்கலைல்ல? எடுக்காத அழைப்பு அழைப்பே இல்ல. அதுக்கப்புறம் நான் அடிச்சேன்.”

“அதையும்தான் எடுக்கல!”

இருவரும் லியோனாவைப் பார்த்தார்கள். முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. அழைத்து எடுக்கப்படாமல் போனதே இல்லை. லியோனா நோட்டைத் திறக்காமல் அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

“நீ வீட்டுல இல்லியா?” என்று கேட்டான் வின்ஸ்.

“இருந்தேன்.”

“குளிச்சிட்டு இருந்தியா?”

“போன் முன்னாடிதான் நின்னுட்டு இருந்தேன்.”

பக்கத்துத் தடத்தில் யாரோ எறிந்த பந்து மரக்குச்சிகளில் மோதி எல்லாவற்றையும் சரித்தது. கைதட்டினார்கள்.

“முன்னாடி நின்னுட்டு எடுக்கலையா?”

“எடுக்கல.”

வின்ஸ் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். அவன் முகத்தில் மெல்ல ஏதோ கூடிவந்தது. லியோனா அதை முழுதாக உருவாகும் முன்பே படித்துவிட்டாள். முப்பது வருடம் ஊர் நூலகத்தில் வேலை பார்த்து, முகங்களைப் படித்துப் பழகியவள் அவள். “ஓகோ” என்றான் அவன். “ப்ரூஸார் உன் ஆளு. பெட்டிஃபோர்ட யாரும் எடுக்கலைன்னா நோட்டு வெச்சிருக்கிறவளே எழுதிக்கலாம். அதானே?”

“வின்ஸ்!” என்றாள் கோனி.

“என்ன வின்ஸ்? நான் தப்பா ஒண்ணும் சொல்லல. மூணு வாரமா கடைசியில கெடக்கா. அவளுக்கு ஒரு ஓட்டக்காரன் வேணும். நேரா கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே! இது எமிலோட ஆட்டம். முப்பது வருஷம் ஒரு பய ஒரு குத்தம் சொன்னதில்ல. எமிலா இருந்தா முதல் மணியிலயே எடுத்திருப்பான்.”

லியோனாவுக்குக் காது மடல் சூடாகியது. திருடி என்று சொன்னது அவளைச் சுடவில்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் சுட்டது. வின்ஸ் அதை இன்று மட்டுமா சொன்னான்? சாவு வீட்டில் சொன்னான். தேவாலயத்து வாசலில் சொன்னான். ஆகஸ்டில் ஆளெடுத்த அன்று குவளையை உயர்த்திச் சொன்னான். எமில் முதல் மணியிலேயே எடுப்பான். எமில் ஆட்டம் பார்த்துக்கொண்டே போனான், அதைவிட நல்ல சாவு ஒருத்தனுக்கு வருமா? ஒவ்வொரு தடவையும் அவள் தலையசைத்திருந்தாள். அவன் அழுதுகொண்டே சொன்னதால் தலையசைத்தாள். பதினோரு மாதம் தலையசைத்துத் தலையசைத்து, அவளும் பாதி நம்பிவிடுவாளோ என்று பயமாக இருந்த நாட்கள் உண்டு.

அவள் நோட்டை வின்ஸ் பக்கமாகத் தள்ளினாள்.

“படி.”

“என்னத்த?”

“போன டிசம்பர். ஒம்பதாம் தேதி. சத்தமாப் படி, எல்லாருக்கும் கேக்கட்டும்.”

வின்ஸ் விரலைத் துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பக்கங்களைப் புரட்டினான். பழைய பக்கங்கள் எல்லாம் எமிலின் கையெழுத்து. கடைசி இரண்டு வருடத்தில் எழுத்துகள் கோட்டைவிட்டுச் சரிந்து, மழையில் போகும் எறும்புகள்போலக் கலைந்துகிடந்தன. ஆனால் ஒரு நேரம், ஒரு பெயர் தவறவில்லை. சாவி எங்கே என்று மறந்தவன் விதியை மறக்கவில்லை.

“டிசம்பர் ஒம்போது” என்று வின்ஸ் படித்தான். “மூணு நாப்பத்திரெண்டு. வின்ஸ். விழுந்தவன் எல்லிஸ். மாத்து ஆளு கார்வி.” தலையை நிமிர்த்தினான். “ஆமா, கார்வி! நல்ல பய. அந்த வருஷம் கடைசி ரெண்டு ஆட்டமும் அவனாலதான்…” என்று தொடங்கியவன் நிறுத்தினான். மறுபடி நோட்டைப் பார்த்தான். “இது எமில் கையெழுத்து இல்லையே.”

“என்னோடது.”

“ஒம்போதாந் தேதின்னா…”

“அன்னிக்குத்தான்.”

ரூடி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். கோனி எதிலும் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். லியோனா குரலை உயர்த்தவில்லை. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் தாழ்ந்துதான் போகும், நூலகத்தில் கற்றது.

“மணி அடிச்சுது. நான் அடுப்புக்கிட்ட இருந்தேன். எமில் எடுப்பான்னு விட்டேன். ரெண்டு, மூணு, நாலு. அவன் எந்திரிக்கல. தூங்கிட்டான் போலன்னு நெனச்சேன். ஆறாவது மணியில நான் எடுத்தேன். நீ. எல்லிஸுக்கு முட்டி போச்சு, கார்வி எனக்குன்னு சொன்ன. கடிகாரத்தப் பாத்து எழுதினேன். அதோட வெச்சிருக்கலாம். நீ வெக்கல. அந்த முட்டி எப்படி மடங்குச்சுன்னு சொன்ன. உன் கடைக்கு வந்த எவனோ தலையில விக்கு வெச்சிருந்த கதைய சொன்ன. நான் சிரிச்சேன் வின்ஸ். போன் கம்பிய விரல்ல சுத்திக்கிட்டு சிரிச்சேன். ஆறு நிமிஷம். அப்புறம் போய், உன் கூட்டாளி கார்விய எடுத்துட்டான்னு சொல்றேன் அவன்கிட்ட. ரெண்டு தடவ சொன்னேன். அவன் கையி நாக்காலிக்கு வெளிய தொங்கிட்டு இருந்துது.”

அவள் நோட்டில் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

“முதல் மணியிலயே எடுக்கற ஆளு. முப்பது வருஷத்துல ஒரு தடவகூட ரெண்டாவது மணி அடிச்சதில்ல. அன்னிக்கு ஆறு அடிச்சுது. நான் அதக் கேட்டுட்டே நின்னேன். வெங்காயம் தீயுதேன்னு கிண்டிட்டு நின்னேன்.”

வின்ஸின் முகம் கறுத்துவிட்டது. “டாக்டர் இதயம்னு சொன்னாரு” என்றான். “ஒரே நொடியில போயிருக்கும்னு சொன்னாரு. நானும்தான் பக்கத்துல நின்னேன்.”

“இருக்கும்னுதான் சொன்னாரு.”

“அப்ப என்ன சொல்ல வர்ற? நான் கொன்னுட்டேங்கறியா?” அவன் குரல் உடைந்து மேலே ஏறியது. இர்மா கல்லாப் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தாள். “பதினோரு மாசம் கழிச்சு, இறக்கை தின்னுட்டு இருக்கறப்ப, எல்லார் முன்னாடியும், என்னைக் கொலைகாரன்னு சொல்றியா லியோனா?”

“இல்ல. அவன் போய்க்கிட்டு இருந்தப்ப நீயும் நானும் சேந்து மாத்து ஆளு பேர எழுதினோம்கறேன். வேற ஒண்ணும் சொல்லல.” அவள் காப்பிக் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். “ஞாயித்துக்கிழமை அந்தப் பையன் விழுந்தான். கையி அப்படியே நின்னுது. நீ பாத்தியா அந்தக் கைய?”

வின்ஸ் தட்டில் கிடந்த எலும்பை ஓரமாகத் தள்ளினான்.

“பாத்திருக்க மாட்ட. போன் எண்ணச் சுத்திட்டு இருந்திருப்ப. நான் உன்னை ஒண்ணும் சொல்றதுக்கில்ல, அவன் விழுந்ததும் எனக்கும் என் புள்ளிதான் ஞாபகம் வந்துச்சு. சரி. இப்ப கேக்குறேன், அவன் எப்படி இருக்கான்?”

“எவன்?”

“ப்ரூஸார்.”

வின்ஸ் ரூடியைப் பார்த்தான். ரூடி கோனியைப் பார்த்தான். பெட்டிஃபோர்டு எந்தக் கல்லூரியில் படித்தான், மழையில் எத்தனை கெஜம் ஓடுவான், அவனுக்குத் தொடைத் தசை எந்த வருடம் பிடித்தது, அடுத்த மூன்று வாரம் அவனுக்கு எதிரே நிற்கப்போகிறவர்கள் யார் யார் என்று அந்த மேசையில் எல்லாருக்கும் தெரியும்.

“விரல் அசைஞ்சுதுன்னு அன்னிக்கு ராத்திரி சொன்னாங்க” என்றாள் கோனி கடைசியில், தணிந்த குரலில். “அதுக்கப்புறம்… நான் பாக்கல.”

“நானும் பாக்கல” என்றாள் லியோனா. “ரெண்டு நாளா நானும்தான் பாக்கல. அவன் கையி எமில் கையி மாதிரியே இருந்துதுன்னு அழுதுட்டே படுத்தேன். அவனப் பத்தி ஒரு வார்த்த தேடிப் பாக்கத் தோணல.” அவள் நோட்டை இழுத்து, காலியாக இருந்த வரியில் ஞாயிற்றுக்கிழமைத் தேதியை எழுதினாள். விழுந்தவன்: ப்ரூஸார். நேரம் எழுதவில்லை. அழைத்தவர் என்ற இடத்தில் கோடு போட்டாள். மாற்று ஆள் என்ற இடத்திலும் கோடு போட்டாள். “பெட்டிஃபோர்டு இந்த வருஷம் யாருக்கும் இல்ல. எனக்கும் இல்ல.”

“அப்படி ஒரு விதி இல்ல” என்றான் வின்ஸ். பழக்கம் சொல்லவைத்தது, சொன்ன பிறகு அவனே அதைக் கேட்டுவிட்டவன்போல வாயை மூடிக்கொண்டான்.

லியோனா மேலங்கியைப் போட்டாள். பொத்தான்கள் சரியாக மாட்ட நேரமாயிற்று. கோபம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். தீரவில்லை. வின்ஸ் மேல் இருந்தது, அந்தச் சரிந்த எழுத்துகள் மேல் இருந்தது, மூக்கில் மயக்கம் தெளியவைக்கும் உப்புக் குப்பியைக் காட்டி எமிலைத் திருப்பி அனுப்பியவர்கள் மேல் இருந்தது; எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்படியில் நின்று சிரித்த ஒருத்தி மேல் இருந்தது. அவளை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாசலுக்கு வரும்போது ரூடி பின்னாலேயே வந்து, அவள் காரின் முன்கண்ணாடியில் படிந்த பனியைத் தன் கையுறையாலேயே துடைத்துவிட்டான். “அவன் சும்மா பேசுற ஆளு” என்றான். வின்ஸைத்தான் சொன்னான். அவள் வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை அதே ஆணியில் மாட்டினாள். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்று மாலையே ப்ரூஸாரைப் பற்றித் தேடினாள். இரண்டு வரி கிடைத்தது. தாய் லூசியானாவிலிருந்து வந்து பக்கத்தில் இருக்கிறாள், இடது காலில் இன்னும் உணர்வு வரவில்லை. அவ்வளவுதான். அதற்குக் கீழே பெட்டிஃபோர்டைப் பற்றி நீளமாகப் பதினான்கு பத்தி இருந்தது. புதனும் தேடினாள், வியாழனும் தேடினாள். புதிதாக எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை வின்ஸின் கடை வழியாகக் காரில் போனாள். உள்ளே யாருக்கோ முடிவெட்டிக்கொண்டிருந்தான், வாய் அசையவில்லை. வின்ஸ் பேசாமல் முடிவெட்டி அவள் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்ப்பதில்லை என்று தீர்மானித்திருந்தாள். ஒரு மணிக்கு எமிலின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஏரியின் மேல் மேகம் கவிந்து பகலிலேயே விளக்கு போட வேண்டியிருந்தது. முதல் பாதி முழுக்க யாரும் அடிபட்டுக் கிடக்கவில்லை. தடுக்கி விழுந்தவர்கள் எல்லாம் எழுந்தார்கள். ஒரு தடவை அவளே எழுந்து நின்று கத்திவிட்டாள், நல்ல ஓட்டம் ஒன்றுக்கு. கத்தியது வீட்டில் எதிரொலித்து, அவளுக்கே யாரோபோலக் கேட்டது.

மூன்றாவது கால்மணி ஆட்டத்தில் ஒருவன் விழுந்தான். வரிசையில் நின்று தடுக்கிற, முந்நூறு பவுண்டுக்கு மேலிருக்கிற ஆள். அவன் மேல் நாலு பேர் சரிந்து எழுந்து போனார்கள். அவன் எழவில்லை. பெயர் திரையில் வந்தது. யாருடைய தாளிலும் இல்லாத பெயர். தடுப்பவர்களை யாரும் பொறுக்குவதில்லை, அவர்களுக்குப் புள்ளி கிடையாது. எமிலும் அந்தக் காலத்தில் தடுப்பவன்தான். ஆனால் இந்த ஆள் விழுந்ததால், அவன் காத்து நின்ற, பந்து எறிகிறவனும் அடிபட்டிருந்தான், தோளைப் பிடித்துக்கொண்டு எல்லைக் கோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். அவன் கோனியின் ஆள். அவனுக்கு ஒரு மாற்று ஆள் உண்டு. படப்பிடிப்புக் கருவி அந்த மாற்று ஆளைத் தேடிப் போனது. அவன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தான்.

லியோனா தான் எழுந்ததையும் நடந்ததையும் கவனிக்கவில்லை. சமையலறையில், தொலைபேசிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பென்சில் அவள் விரல்களுக்கிடையே இருந்தது. அதை எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. தீயைத் தொட்டவள்போல விட்டாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஆக ஐந்து நிமிடம் இருந்தது. ஒரு நிமிடம் போயிற்று. இன்னொன்று. ஊரில் ஏழு வீடுகளில் இதே படம் ஓடிக்கொண்டிருக்கிறது. வாசற்படியிலிருந்து பார்த்தால் கூடத்துத் திரை தெரிந்தது. படப்பிடிப்புக் கருவி விழுந்து கிடந்தவன் பக்கம் திரும்பி வந்திருந்தது. மண்டியிட்டு நின்றவர்களின் முதுகுகளுக்கு நடுவே, நுனி வானத்தைப் பார்த்தபடி, இரண்டு பெரிய காலணிகள் மட்டும் தெரிந்தன.

மணி அடித்தது.

ஒரே ஒரு தடவை. அவள் கை நீளும் முன்பே நின்றுவிட்டது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ எண்ணைச் சுழற்றிவிட்டு, கேட்டுவிட்டு, வைத்துவிட்டார்கள். லியோனா காத்திருந்தாள். மறுபடி அடிக்கவில்லை. காலணிகளில் ஒன்று அசைந்ததுபோல இருந்தது. பக்கத்தில் மண்டியிட்டிருந்தவனின் முழங்கை பட்டு அசைந்ததாகவும் இருக்கலாம். அவள் விட்ட பென்சில் நூலில் ஆடி, சுவரில் தட்டி, ஆடி, தட்டி, இன்னும் நிற்கவில்லை.